ரெண்டு சைக்கிள்... ஒரு மலை!

‘பைக்ல ஊட்டி போயிட்டு வந்தோம்’னு சொல்லிப் பாருங்க. கிளாஸ்ல ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ‘சைக்கிள்ல போயிட்டு வந்தோம்’னு சொல்லுங்க. உடனே கேள்வி வரும். ‘ஏன் பாஸ், பெட்ரோலுக்குக் காசு இல்லையா?’ அடுத்தது, ‘உண்மையைச் சொல்லு, எத்தனை கிலோமீட்டர் தள்ளிக்கிட்டுப் போனீங்க?’

மூணாவதா ஒரு கேள்வி இருக்கு. அதை யாரும் கேட்கிறதில்லை. ‘ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தீங்களா?’

மலைப் பாதையில அதுதாங்க கஷ்டமான கேள்வி. சமவெளியில ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டே 50 கிலோமீட்டர் மிதிச்சுடலாம். ஏற்றம் ஆரம்பிச்சதும் ஒருத்தர் முன்னாடி போயிடுவார், இன்னொருத்தர் பின்னாடி தங்கிடுவார். முன்னாடி போனவருக்கு எரிச்சல், பின்னாடி நிக்கிறவருக்கு அவமானம். கிளம்பும்போது ‘உயிர் நண்பேன்டா’ன்னு ஸ்டேட்டஸ் போட்டவங்க, திரும்பும்போது தனித்தனி பஸ்ல வந்த கதையெல்லாம் நம்ம ஹாஸ்டல்லயே இருக்கு.

ஜனவரி கடைசியில நானும் என் ரூம்மேட்டும் கோயம்புத்தூர்ல கிளம்பி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, குன்னூர், மறுபடி மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்னு ஒரு ரவுண்டு அடிச்சோம். மூணு நாள், சுமார் 185 கிலோமீட்டர். ஆளுக்கு 1,400 ரூபாய் செலவு. ரூம்மேட்டை இனிமே ‘பார்ட்னர்’னே சொல்றேன். பேரைப் போட்டா உதைப்பேன்னு சொல்லியிருக்கான்.

கியர்தான் முக்கியம், பிராண்டு இல்லை!

ரெண்டு பேர்கிட்டயும் இருந்தது கியர் சைக்கிள். என்னோடது செகண்ட் ஹேண்ட், பார்ட்னரோடது சீனியர்கிட்ட கடன். ‘தாத்தா காலத்துல சாதா சைக்கிள்லயே போனாங்களே’ன்னு கேட்கலாம். சாதா சைக்கிள்ல முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல்னு வெச்சுக்கோங்க. பெடல் ஒரு சுத்து சுத்தினா வண்டி ஐந்தரை மீட்டர் போகும். மலையில நம்ம வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர்தான். அப்படின்னா நிமிஷத்துக்கு 21 சுத்து. ஒவ்வொரு சுத்தும் மாடிப்படியில நாலு படியை ஒரே தாவா தாவுற மாதிரி. முழங்கால் கதறும்.

முன்னாடி சின்னப் பல்சக்கரம், பின்னாடி பெரிய பல்சக்கரம்னு மாத்தினா அதே ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டர்தான் போகும். நிமிஷத்துக்கு 58 சுத்து. வேகம் அதேதான், ஆனா கால் சுலபமா சுத்தும். விலை அதிகமான சைக்கிள் வேணும்னு இல்லை. முன்பல்லும் பின்பல்லும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில வர்ற ஒரு கியர் இருந்தாப் போதும். கடையில எண்ணிப் பார்த்து வாங்குங்க.

முதல் நாள்: 78-ம் 102-ம்

காலையில 5 மணிக்குக் கிளம்பி, காரமடை வழியா மேட்டுப்பாளையத்துக்கு 36 கிலோமீட்டர். சமவெளி. பாட்டுப் பாடிக்கிட்டே வந்துட்டோம். அங்கே இட்லியை ஒரு கட்டு கட்டிட்டு, பவானி ஆத்தைத் தாண்டினா ரோடு ரெண்டாப் பிரியும். ஒண்ணு கல்லாறு, பர்லியாறு வழியா குன்னூர். இன்னொண்ணு கோத்தகிரி. ஏறுறதுக்கு நாங்க கோத்தகிரி ரோட்டைத் தேர்ந்தெடுத்தோம். பஸ், லாரி கொஞ்சம் கம்மி.

மேட்டுப்பாளையத்துலருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். அதுக்குள்ள சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏறணும். ஏற்றம் ஆரம்பிச்ச இடத்துல மணி ஏழரை. ஒரு மணி நேரத்துல நான் 360 மீட்டர் உயரம் ஏறியிருந்தேன். செல்போன்ல உயரம் காட்டுற ஆப் இருக்கே, அதுல பார்த்தேன். குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் முன்னாடி, ரோட்டோரத் தடுப்புச் சுவர் மேல உட்கார்ந்து காத்திருந்தேன்.

17 நிமிஷம் கழிச்சுப் பார்ட்னர் வந்தான். முகம் தக்காளி மாதிரி சிவந்து கிடக்கு. சைக்கிளைச் சாய்ச்சு வெச்சான். தண்ணி குடிச்சான். அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே பேசலை. அப்புறம் சொன்னான்.

‘‘மச்சி, நீ போடா. மார்க்கெட்ல காய் இறக்கிட்டு காலி வண்டி நிறைய மேல போகுது. அதுல ஒண்ணுல சைக்கிளைத் தூக்கிப் போட்டுக்கிட்டு நான் கோத்தகிரி வந்துடுறேன்.’’

சாதாரணமாத்தான் சொன்னான். ஆனா எனக்கு அது சாதாரணமாப் படலை. காலேஜ் கிரவுண்ட்ல டீம் பிரிக்கிறப்ப கடைசியாக் கூப்பிடுற பேரு அவனோடது. பல நாள் அதுவும் கிடையாது, ‘நீ அம்பயரா நில்லு’தான். ஒரு வருஷமா அவன் பேட்டைத் தொட்டே நான் பார்க்கலை. இந்த டூருக்கு மட்டும் முதல் ஆளா ‘வர்றேன்’னு சொன்னான். இப்ப வண்டியில ஏறிட்டான்னா, இனிமே எதுக்குமே வர மாட்டான்.

‘நீ முடியும்டா மச்சான்’னு டயலாக் அடிச்சா அவனுக்குப் பிடிக்காது. அதனால செல்போனை எடுத்து அவன் சைக்கிள் ரெக்கார்டைப் பார்த்தேன். அதே ஒரு மணி நேரத்துல அவன் ஏறினது 280 மீட்டர்.

பிளஸ் டூ பிசிக்ஸ்தாங்க. மேல ஏறுறதுக்குச் செய்யற வேலை எம்.ஜி.ஹெச். எடை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கணும். புவியீர்ப்பு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அதை விட்டுடலாம். நான் 58 கிலோ. சைக்கிள் 15, பை 5. மொத்தம் 78. அவன் 82 கிலோ. அதே சைக்கிள், அதே பை. மொத்தம் 102.

78 x 360 = 28,080.

102 x 280 = 28,560.

கால்குலேட்டரை அவன்கிட்டயே நீட்டினேன்.

‘‘ஏன்டா, நான் குண்டுன்னு கணக்குப் போட்டு வேற நிரூபிக்கிறியா?’’

‘‘நம்பரைச் சரியாப் பாருடா. ஒரு மணி நேரத்துல என்னைவிட அதிகமா வேலை செஞ்சவன் நீதான்.’’

ரெண்டு தடவை தட்டிப் பார்த்தான். டயர் உராய்வு, காத்து எல்லாத்தையும் விட்டுட்டோம்தான். ஆனா மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்துல ஏறும்போது காத்தோட தடை ரொம்பக் கொஞ்சம். கணக்கு பெருசா மாறாது. ரெண்டு இன்ஜினும் சுமார் 77 வாட். ஒண்ணு லாரியில இருக்கு, ஒண்ணு காலி ஆட்டோவுல இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் நாங்க செஞ்சது ரெண்டே காரியம். அவன் பையைக் கழட்டி என் கேரியர்ல கட்டினேன். நான் 83, அவன் 97. அங்கேருந்து கோத்தகிரிக்கு இன்னும் 1,140 மீட்டர் ஏறணும். பழைய கணக்குப்படி போனா நான் அவனுக்கு 54 நிமிஷம் முன்னாடி போய்ச் சேருவேன். பையை மாத்தின பிறகு வித்தியாசம் 30 நிமிஷம். ஒரு அஞ்சு கிலோ பை செஞ்ச வேலையைப் பாருங்க!

ரெண்டாவது, அவன் முன்னாடி, நான் பின்னாடி. வேகத்தை அவன் வைக்கிறது. மிச்ச 30 நிமிஷம் அதுல கரைஞ்சு போச்சு. பின்னாடி வர்ற எனக்கு ஒரே வேலைதான், பேச்சுக் கொடுத்துக்கிட்டே வரணும். பதில் முழு வாக்கியமா வந்தா வேகம் சரி. ‘ம்... ஆ...’ன்னு வந்தா குறைக்கணும். இதுதான் மலைக்கு ஸ்பீடோமீட்டர்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி வாழைப்பழம், கடலை மிட்டாய். பசிச்ச பிறகு சாப்பிடலாம்னு நினைக்காதீங்க. 1,500 மீட்டர் ஏற பார்ட்னருக்கு உடம்பு எரிக்கிற சக்தி 1,500 கிலோ கலோரிக்கு மேல. மிதிக்கிறதுல நாலுல ஒரு பங்குகூட பெடலுக்குப் போகாது, மிச்சமெல்லாம் சூடா வெளியே போயிடும். இட்லிக்கு 50 கலோரின்னு வெச்சாலும் 30 இட்லி. ஒரே வேளையில முடியுமா?

அரவேணு தாண்டினதும் தேயிலைத் தோட்டம் கண்ணுக்கு எட்டின வரைக்கும் பச்சை. காத்து ஜில்லுன்னு ஆயிடுச்சு. 1,000 மீட்டர் ஏறினா சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும்னு படிச்சிருக்கோம். அதைச் சட்டை வழியாத் தெரிஞ்சுக்கிட்டோம். ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்குக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட். ரெண்டு சைக்கிளும் ஒண்ணா நின்னுச்சு.

ராத்திரி கிளாஸ்மேட் வீட்டுல தங்கினோம். அவங்க அம்மா வெந்நீர் போட்டுக் கொடுத்துட்டு முதல்ல கேட்டது, ‘‘அந்த ரோட்ல எத்தனை மணிக்குப்பா ஏறுனீங்க?’’ அப்புறம்தான் ‘‘சாப்பிடுறீங்களா?’’ காரணம் யானை. குஞ்சப்பனை பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பலாப்பழ சீசன்ல இன்னும் அதிகம். தேயிலைத் தோட்டத்துல காட்டுமாடு, கரடி எல்லாம் சகஜம். ‘‘காருன்னா சத்தம் கேட்டு ஒதுங்கும். சைக்கிள் சத்தமே இல்லாம போய் முன்னாடி நிக்கும், அதுதான் கண்ணு பயம்’’னு சொன்னாங்க. இது எந்த டூர் கைடுலயும் இல்லாத பாயின்ட். அடுத்த நாள்லருந்து ஒவ்வொரு வளைவுலயும் பெல் அடிச்சோம். விடிஞ்சு ஏழு மணிக்கு மேலதான் கிளம்புறது, சாயங்காலம் அஞ்சுக்குள்ள நிறுத்திடுறதுன்னும் முடிவாச்சு.

ரெண்டாம் நாள்: மூச்சு வாங்குது!

கோத்தகிரியை விடறதுக்கு முன்னாடி பக்கத்துல கன்னேரிமுக்கு போனோம். 1819-ல நீலகிரிக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டின பங்களா அங்கே இருக்கு. அப்ப ரோடும் இல்லை, கியரும் இல்லை. நம்ம புலம்பலை அங்கேயே நிறுத்திட்டோம்.

கட்டபெட்டு வழியா ஊட்டிக்கு 30 கிலோமீட்டருக்குள்ளதான். ‘நேத்து 70 போட்டோம், இது ஜுஜுபி’ன்னு நினைச்சோம். தொட்டபெட்டா பிரிவு வரைக்கும் ஏற்றம் விடவே இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு. அந்த உயரத்துல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்துல ஒரு பங்குக்கு மேல குறைவு. ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவு குறைவு. நேத்து 77 வாட் போட்ட இன்ஜின் இன்னிக்கு இருமுது. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருமினதுல பார்ட்னருக்கு ஏக சந்தோஷம்!

வழியில ஒரு டீக்கடையில சூடா டீயும் வர்க்கியும். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. டீயில முக்கினா ரெண்டு செகண்டுக்குள்ள வாய்க்குப் போயிடணும், லேட்டானா கிளாஸுக்குள்ள விழுந்துடும். கடைக்காரர் சைக்கிளைச் சுத்திப் பார்த்துட்டு, ‘‘தம்பி, இதுல மோட்டார் எங்கே இருக்கு?’’ன்னு கேட்டார். பார்ட்னர் தன் தொடையைத் தட்டிக் காட்டினான்.

ராத்திரி ஊட்டிக் குளிர்ல ரெண்டு போர்வை பத்தலை. ஜனவரியில பள்ளமான இடங்கள்ல உறைபனி விழுந்து, புல்தரையே விடிகாலையில வெள்ளையாக் கிடக்கும். கையுறை இல்லாம காலையில பிரேக் பிடிக்கவே முடியாது. இதை மறக்காதீங்க.

மூணாம் நாள்: இறக்கம் ஜாலி இல்லை!

ஊட்டியிலருந்து குன்னூர் 18 கிலோமீட்டர். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கிட்டே பெரும்பாலும் இறக்கம். பெடல் போடாம உருண்டா, கனமான ஆள் சீக்கிரம் போவார். காத்து ரெண்டு பேரையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தடுக்கும், இழுக்கிற எடை அவருக்குத்தான் அதிகம். பார்ட்னர் சும்மா சர்ர்ருன்னு போயிட்டான். ஒவ்வொரு திருப்பத்துலயும் ஓரமா நின்னு, வாட்ச்சைப் பார்க்கிற மாதிரி ஆக்‌ஷன் வேற!

குன்னூருக்குக் கீழேதான் சீரியஸ். மேட்டுப்பாளையம் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சேர்த்து வெச்ச சக்தி முழுக்க இப்ப சூடா வெளியே போகணும். 97 கிலோ எடை, 6 சதவீதச் சரிவுல மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல இறங்கினா, நொடிக்குச் சுமார் 475 ஜூல். பாதி இஸ்திரிப் பெட்டி! கொஞ்சத்தைக் காத்து எடுத்துக்கும். மிச்சம் பிரேக் கட்டையிலயும் ரிம்முலயும் இறங்கும். பிரேக்கை விடாம பிடிச்சுக்கிட்டே வந்தா ரிம் சூடாகி டியூப் வெடிக்கக்கூட வாய்ப்பு இருக்கு. வளைவுல முன்டயர் வெடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால நேர் ரோட்டுல ரெண்டு பிரேக்கையும் பிடிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு, விட்டுடணும். மறுபடி பிடிச்சு, விட்டுடணும். வளைவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே வேகம் குறைஞ்சிருக்கணும். நாலு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி ரிம்மை ஆற விட்டோம். ரெண்டு சைக்கிளுக்கும் நடுவுல எப்பவும் ஒரு பஸ் நீளத்துக்கு மேல இடைவெளி. பெரிய வண்டி மேல ஏறி வந்தா ஓரமா நின்னுடுறது. மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் உரிமை.

ஆற விட்ட நேரத்துல காட்டுக்குள்ளருந்து மலை ரயில் ஊதுற சத்தம் கேட்டுச்சு. 1899-ல குன்னூர் வரைக்கும், 1908-ல ஊட்டி வரைக்கும் வந்த ரயில். 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச ரயில். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல 12 மீட்டர் போனா ஒரு மீட்டர் ஏறுற அளவுக்குச் சரிவு, அதனால தண்டவாளத்துக்கு நடுவுல பல்சட்டம் பதிச்சு, அதைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறுது. மேட்டுப்பாளையத்துலருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். ‘‘பார்த்தியா, நம்மள மாதிரியே பல்லை நம்பி ஏறுற இன்னொருத்தர்’’னு சொன்னான் பார்ட்னர். அவனை யாரும் இனி ‘மெதுவாப் போறான்’னு சொல்லிட முடியாது. அவன் கட்சியில இப்ப ரயிலே இருக்கு.

பர்லியாறு பழக்கடை, கல்லாறு பாக்குத்தோப்பு, மேட்டுப்பாளையம் வெயில், அப்புறம் அந்தப் பழைய 36 கிலோமீட்டர். சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு ஹாஸ்டல் கேட்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* டிசம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் பெஸ்ட். ஏப்ரல், மே கூட்டம் தாங்காது, சீசன் நேரத்துல மேட்டுப்பாளையம் ரோடுகளை ஒருவழியாக்கிடுவாங்க. அக்டோபர், நவம்பர் மழையில வேண்டவே வேண்டாம். 2009 நவம்பர்ல நீலகிரியில நடந்த மண்சரிவுல 40 பேருக்கு மேல இறந்திருக்காங்க.

* சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் முறை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாசம் வந்துச்சு. கிளம்புற வாரம் மாவட்ட நிர்வாகத்தோட அறிவிப்பை ஒரு தடவை பார்த்துடுங்க.

* நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ரெண்டு. வழியில வாட்டர் ஏ.டி.எம்.கள் இருக்கு.

* டியூப் வாங்கும்போது பைக் டயர்ல இருக்கிற மாதிரி வால்வானு பாருங்க. அந்த வகைன்னா எந்த பெட்ரோல் பங்குலயும் காத்து அடிச்சுக்கலாம். மெல்லிசு வால்வுன்னா அடாப்டர் கையில இருக்கணும். ஸ்பேர் டியூப் ரெண்டு, பஞ்சர் கிட், கைப் பம்பு கட்டாயம்.

* பிரேக் கட்டை தேஞ்சிருந்தா புதுசு போடாம கிளம்பாதீங்க. ஹெல்மெட், பின்னாடி சிவப்பு லைட், வீட்டுல ஒருத்தருக்குத் தினமும் ரெண்டு போன். முழு ரூட்டையும் அவங்களுக்கு எழுதிக் கொடுத்துடுங்க.

* இடதுபக்கக் கொண்டை ஊசியில ஏறும்போது உள்ஓரம் செங்குத்தா இருக்கும். பஸ் வர்ற சத்தம் கேட்டா வளைவு வாயிலயே நின்னுடுங்க. பெரிய வண்டி திரும்ப முழு ரோடும் வேணும்.

* கனமான பையை லேசான ஆள் எடுத்துக்கணும். ஏற்றத்துல மெதுவாப் போறவர் முன்னாடி. இந்த ரெண்டையும் கிளம்புற முதல் நாள் ராத்திரியே பேசி முடிச்சுடுங்க. பாதி மலையில பேசினா அது சண்டை மாதிரி கேட்கும்.

டூர் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகுது. பார்ட்னர் ஹாஸ்டல் சுவத்துல மேப் ஒட்டியிருக்கான். வால்பாறையாம், 40 கொண்டை ஊசி வளைவாம். போன ஞாயித்துக்கிழமை கிரவுண்ட்ல யாரோ வழக்கம்போல ‘நீ அம்பயர்’னு சொன்னப்ப, ‘‘ஓப்பனிங் இறங்குறேன்’’னு பேட்டை எடுத்துட்டான். எட்டு ரன்தான். ஆனா இறங்கினான்.

அடுத்த லீவுக்கு நீங்களும் பிளான் போடுறீங்கன்னா, ‘யார் ஃபிட்டா இருக்கா?’ன்னு தேடாதீங்க. டீம் பிரிக்கிறப்ப கடைசியாக் கூப்பிடுற அந்தப் பேரை, இந்தத் தடவை முதல்ல கூப்பிடுங்க. பையை மட்டும் நீங்க எடுத்துக்கோங்க!